ஒரு வெரக்கட இடுக்கு

லாரி பட்டறையில தல நரச்சவரு வடமலை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேல கத்துக்கணும்னு ஜெசிந்தா மேஸ்திரிகிட்ட வந்து சேந்தாரு. மேஸ்திரிக்கு அவரு மக வயசு. வடமலை வாயி "சரிங்க மேஸ்திரி"ன்னும். மொகம் "ஒன்ன எவன் மேஸ்திரி ஆக்குனான்"னும்.

அன்னிக்கு ஒரு டாக்ஸி. கியர்பாக்ஸத் தூக்கி இஞ்சினோட சேக்கணும். பாக்ஸோட மூக்குல குண்டானாட்டம் கன்வெர்ட்டர்னு ஒண்ணு உக்காந்திருக்கும். எல்லாம் சேந்துச்சு, பாக்ஸுக்கும் இஞ்சினுக்கும் நடுவுல வெரக்கட இடுக்கு மட்டும் மூட மாட்டேன்னுச்சு. வடமலை போல்ட்டப் போட்டு இறுக்குனாரு.

"ஹ்ம்ம்ம்ங்க்."

வாசல்ல டாக்ஸிக்காரர்கிட்ட பேசிக்கிட்டிருந்த மேஸ்திரி, திரும்பாமயே சொன்னாங்க.

"அண்ணே, போதும். கழட்டி இறக்குங்க."

"எதுக்கு?"

"இறக்குங்க."

"யம்மா, நீ பால் குடிக்கிறப்பவே நான் லாரிக்கு பாக்ஸ் மாட்டுனவன். இன்னும் நாலு சுத்து சுத்துனா ஒட்டிக்கப் போவுது. எட்டிக்கூடப் பாக்காம, அங்க நின்னுக்கிட்டு இறக்குன்னா? வந்த ஆளு முன்னாடி என்ன அசிங்கப்படுத்தணும், அதான?"

மேஸ்திரி டாக்ஸிக்காரர விட்டுட்டு உள்ள வந்தாங்க.

"இத இறக்குனா நானும் கெளம்புறேன். அம்மாஞ்சி எவனாச்சும் கெடைப்பான், வெச்சிக்க."

ஸ்பேனரத் தூக்கி டப்பாவுல போட்டாரு. சட்டைய எடுக்கப் போனாரு.

ஆணியில சட்டைக்குப் பக்கத்துலயே அவரு டிபன் கேரியர் தொங்குச்சு. மேஸ்திரி அத எடுத்துப் பிரிச்சாங்க. நடு அடுக்க ஒருக்களிச்சாப்புல வெச்சாங்க. மேல மூடிய வெச்சு அவருகிட்ட நீட்டுனாங்க.

"க்ளிப்பப் போடுங்க."

"மாட்டாது."

"நாலு அமுத்து அமுத்துங்க. ஒட்டிக்கப் போவுது."

"எங்க ஒட்டும்? நடு அடுக்கே உக்காரல. இதுல போயி அமுத்துனா காதுதான் பிச்சிக்கிட்டு வரும். சோறு துன்ற எவனுக்கும் இது தெரியும், நீ என்ன எனக்கு..."

வடமலை திரும்புனாரு. பாக்ஸப் பாத்தாரு.

சட்டைய ஆணியிலயே விட்டுட்டு வந்து, அவரே போல்ட்டக் கழட்டுனாரு. பாக்ஸ இறக்குனாரு. கன்வெர்ட்டரக் கையால மெதுவா சுத்திக்கிட்டே உள்ள தள்ளுனாரு. டக். இன்னொரு டக். முடிஞ்சிதுன்னு கைய எடுக்கப் போனவரு, எதுக்கும்னு இன்னொரு வாட்டி சுத்துனாரு.

டக்.

இந்த வாட்டி பாக்ஸ் சும்மா கையாலயே போயி இஞ்சினோட சேந்துக்கிச்சு. அடியில வெரல விட்டாரு. கன்வெர்ட்டர், எதுக்க இருக்குற தட்டுல மோதாம கொஞ்சம் தள்ளி நின்னுச்சு. தொட்டா லேசா சுத்துச்சு.

"மொத மோதிக்கிட்டு நின்னுது. இப்ப எடம் உட்டு நிக்குது."

"நிக்கணும். அப்புடியே இறுக்கியிருந்தா உள்ள பம்ப்பு ஒடஞ்சிருக்கும். இந்த டாக்ஸிக்கார அண்ணனும் வண்டிய வித்துட்டு நடந்துருப்பாரு."

வடமலைக்குக் கோவம் இன்னும் மிச்சம் இருந்துச்சு.

"அது சரி. நீங்க முதுகக் காட்டிக்கிட்டுதான நின்னீங்க? எப்புடித் தெரிஞ்சிது?"

"நீங்க முக்குனது கேட்டுச்சு."

"போல்ட்டு இறுக்குனா முக்கத்தான் வேணும்."

"கடைசியா இறுக்குறப்ப முக்குங்கண்ணே. உக்கார வெக்கிறப்ப எதுக்கு முக்குறீங்க?"