கடைமடைக்கு ஓர் அண்ணாவி

வெண்ணாவல் வாய்க்காலின் கடைசி மடையைத் தாண்டினால் கடல்தான். நடுவே கொஞ்சம் உப்பளம், கொஞ்சம் குடிசை. அதற்கு உவர்க்காடு என்று பெயர். தண்ணீரே எல்லா ஊரும் குடித்து மிஞ்சியதுதான் அங்கே வரும். அந்த ஊரில் மழபாடியார் என்னும் அடியார் வாழ்ந்தார். விடியுமுன் உப்பளத்தில் இறங்கி, பாத்தியில் பூத்த உப்பை வாரிக் குவிப்பது அவர் பிழைப்பு. வெயில் ஏறியதும் கால் கழுவிக்கொண்டு, உப்பளத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அவர் தொண்டு. அப்படிச் சொல்லிக்கொடுப்பவரை அந்நாளில் அண்ணாவி என்பார்கள்.

பள்ளி என்றால் கட்டடம் கிடையாது. மணல்மேட்டில் நின்ற ஓர் ஆலமரத்து நிழல்தான். அதன் அடியில் ஒரு பீடத்தில் தென்முகக் கடவுள் சிலையாக, வலக்காலைத் தொங்கவிட்டு இடக்காலை மடித்து, சின்முத்திரை காட்டிச் சும்மா அமர்ந்திருந்தார். மழபாடியார் நாள்தோறும் சருகு பெருக்கி, விளக்கேற்றி, புதுமணல் பரப்புவார். "சுவாமி, நீர் முனிவர்க்கு ஆசான். நான் இந்த வாண்டுகளுக்கு. இன்றைக்கும் பிழையில்லாமல் நடத்திவையும்" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் பிள்ளையின் விரலைப் பிடிப்பார். பிரம்பு என்ற ஒன்றை அவர் தொட்டதே இல்லை.

ஒரு கோடையில் வாய்க்கால் ஊர்களில் அம்மை பரவியது. இரண்டு ஊர்களில் அண்ணாவிகள் மாண்டார்கள். பள்ளி நின்றது, பிள்ளைகள் மாடு மேய்க்கப் போனார்கள். வேறு அண்ணாவி வேண்டுமென்று ஊரார் நாலாபக்கமும் ஆள் அனுப்பினார்கள். யாரும் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்கள் இருந்தார்கள்தாம். ஆனால் தெரிந்ததைப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் இல்லை. அதைக் கண்டு மழபாடியார் மனம் கலங்கினார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தலைமடை ஊரான பெருமடைக்கு நடந்தார்.

பெருமடைப் பள்ளியின் அண்ணாவி வேதவனத்தார். படிப்பில் பெரியவர், கோபத்தில் அதைவிடப் பெரியவர். மழபாடியார் வாசலில் நின்றே சொன்னார்:

"ஐயா, தண்ணிய நாம முறை வச்சுத்தானே பாய்ச்சிக்கிறோம்? அண்ணாவிகளையும் முறை வச்சு உண்டாக்குவோம். படிச்ச பசங்க ஒவ்வொரு பள்ளியிலயும் ஒரு மாசம் உக்காரட்டும். உங்ககிட்ட கணக்கு, நடுக்கரை ஊர்ல ஓலை எழுதுறது, என்கிட்ட அரிச்சுவடி. பழகினதும் எந்த ஊருக்கு முறையோ அந்த ஊருக்குப் போகட்டும்."

வேதவனத்தார் சிரித்தார். "ஓய் உப்பு அண்ணாவி, நான் இத்தனை வருஷம் கட்டிக் காத்த வித்தையை வழியில போறவன் முன்னால அவிழ்த்துக் கொட்டணுமா?"

"நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, இந்தப் பள்ளிக்கு யாருங்கய்யா?"

கேட்டுக்கொண்டிருந்த ஊராரின் முகம் மாறியது. அவர்கள் வற்புறுத்த, வேதவனத்தார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே சம்மதித்தார்.

அன்று தொடங்கியது வாய்க்கால் பள்ளிகளின் முறை. அதில் மழபாடியார் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. பழகவந்தவன் முதலில் பிள்ளைகளோடு பிள்ளையாய் மணலில் உட்கார வேண்டும். கடைசியில் எல்லா ஊர் அண்ணாவிகளும் வந்து மணலில் அமர, அவன் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். முடிந்ததும் அண்ணாவிகள் வாய் திறக்கக்கூடாது. "எங்கே புரியவில்லை?" என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதே தீர்ப்பு. "பொடிசுகளிடம் போய்ப் பரீட்சையா!" என்று வேதவனத்தார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் இப்படிப் பழகியவர்கள் நல்ல அண்ணாவிகளாக வந்தார்கள் என்பதை அவராலும் மறுக்க முடியவில்லை.

நல்லது நடந்தால் கண்படாமல் இருக்குமா? தலைமடைக்காரன் மடையை அடைத்துத் தண்ணீரை நிறுத்திக்கொள்வதைப் போல, பெருமடை ஊரார் பழகிய அண்ணாவிகளைத் தங்களிடமே நிறுத்திக்கொள்ளத் தொடங்கினார்கள். வேதவனத்தாருக்கு எடுபிடியாகவே அப்படிப் பழகியவர்கள் இருவர் இருந்தார்கள். அதே வேளையில் மழபாடியாரின் கண்கள் மங்கின. வருடக்கணக்காக உப்பின் வெள்ளையைப் பார்த்த கண்கள் அல்லவா? ஒருநாள் விளக்கேற்றியவர், "எரிகிறதா?" என்று பக்கத்தில் நின்ற பிள்ளையைக் கேட்டார். எரிந்துகொண்டுதான் இருந்தது.

தமக்குப்பின் உவர்க்காட்டுக்கு யார் என்ற கவலை அப்போதுதான் அவரைப் பிடித்தது. ஒருவன் இருந்தான்: பூவணன், உப்பளத்துப் பிள்ளை. அவர் கைபிடிக்க எழுதக் கற்று, எல்லாப் பள்ளியிலும் பழகி முடித்தவன். ஆனால் நடுக்கரையில் அண்ணாவி இறந்து பள்ளி மூடிக் கிடந்தது. முறைப்படி அடுத்த ஆள் நடுக்கரைக்கு.

"நான் போகமாட்டேன் ஐயா. கண்ணு தெரியாத உங்கள விட்டுட்டு எங்க போவேன்?" என்று பூவணன் அழுதான்.

"முறையை வச்சவனே உடைச்சா அப்புறம் அது முறையாடா? நீ என் பிள்ளைன்னு நான் நிறுத்திக்கிட்டா, பெருமடைக்காரங்களச் சொல்ல எனக்கு வாய் ஏது? போ. அங்க பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு."

அனுப்பிவிட்டு ஆலடியில் அமர்ந்து அழுதார். அடியார் என்றால் அழமாட்டார் என்று யார் சொன்னது? மறுநாள் எழுந்து மணல் பரப்பினார். பிள்ளைகள் மணலில் எழுதியதை விரலால் தடவிப் பார்த்துத் திருத்தினார். "கண்ணும் போச்சு, ஆளும் போச்சு, வீம்பு மட்டும் போகலையே" என்று பெருமடையில் பேசிச் சிரித்தது அவர் காதுக்கும் வந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "சுவாமி, கடைமடைக்கு ஓர் அண்ணாவி" என்பதே அவருடைய மந்திரமாயிற்று.

விசயதசமி நெருங்கும் வேளையில் ஓர் இளைஞர் வந்தார். "பழக வந்தேன். பெருமடைப் பள்ளியில் என்னை ஊமை என்று துரத்திவிட்டார்கள்" என்றார். குரல் ஆழமாக, இனிமையாக இருந்தது. மழபாடியார் அவரை வழக்கப்படி பிள்ளைகளோடு அமர்த்தினார். அவரும் மணலில் எழுதினார், அழித்தார், பிள்ளைகளோடு கஞ்சி குடித்தார்.

விசயதசமி அன்று பாடம் நடத்திக் காட்டும் நாள். வாய்க்கால் அண்ணாவிகள் எல்லாரும் மணலில் வந்து அமர்ந்தார்கள். பூவணனும் வந்திருந்தான். ஊமை வாத்தியார் என்ன கிழிக்கிறார் பார்ப்போம் என்று வேதவனத்தாரும் வந்திருந்தார். புதியவர் ஆலடியில் தெற்கு நோக்கி அமர்ந்தார். ஒரு காலை மடித்தார். ஒரு காலைத் தொங்கவிட்டார். கையை உயர்த்தி விரலோடு விரல் சேர்த்தார். புன்னகை செய்தார். அவ்வளவுதான். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

மழபாடியார் வழக்கம்போல் கேட்டார்: "பிள்ளைங்களா, எங்க புரியல?"

நாச்சி என்ற சின்னப்பெண் எழுந்தாள். "எல்லாமே புரியல ஐயா. இவரு ஒண்ணுமே சொல்லலையே. சும்மா சிரிச்சுக்கிட்டே உக்காந்திருக்காரு."

வேதவனத்தார் வாய்விட்டுச் சிரித்தார். மழபாடியார் சிரிக்கவில்லை. ஆலடியை நோக்கிக் கைகூப்பி, பரிவோடு சொன்னார்:

"தம்பி, சொல்லாமல் சொல்வது பெரிய வித்தைதான். தவம் செய்த முனிவர்களுக்கு அது போதும். உப்பளத்துப் பிள்ளைகளுக்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டும். வெட்கப்படாதே. இறங்கி வா. அவள் பக்கத்தில் உட்கார். விரலைப் பிடி. இப்போது சொல்."

ஆல நிழலில் யுகயுகமாய் மௌனமே மொழியாக வீற்றிருந்த பெருமான் இறங்கி வந்தார். உப்பில் வெடித்த அந்தச் சின்ன விரலைப் பிடித்தார். மணலில் வைத்தார். வாய் திறந்தார்.

"அ" என்றார்.

"அ" என்றாள் நாச்சி. "அ" என்றன எல்லாப் பிள்ளைகளும். சிரித்துக்கொண்டிருந்த வேதவனத்தாரின் வாயும் அவரை அறியாமல் "அ" என்றது. ஆலமரத்தின் இலை ஒன்றும் அசையவில்லை. பீடத்தில் தென்முகக் கடவுளின் சிலை இல்லாதிருந்ததை அப்போதுதான் எல்லாரும் கண்டார்கள். காணாதவர் மழபாடியார் ஒருவரே.

"மழபாடி," என்றது அந்தக் குரல். "எத்தனையோ பேர் என்னைத் தொழுதார்கள். எங்கே புரியவில்லை என்று என் எதிரே கேட்டவன் நீ ஒருவன்தான். நல்ல பள்ளியில் பழகினேன். என்ன வேண்டும், கேள். கண் வேண்டுமா?"

அடியார் மணலில் விழுந்தார்.

"கண் என்னோடு போய்விடும், சுவாமி. கடைமடைக்கு ஓர் அண்ணாவி வேண்டும்."

மறுமொழி வருமுன் பின்னால் ஒருவர் விம்மி அழும் குரல் கேட்டது. "அடுத்த முறை உவர்க்காட்டோடது. ஆளைப் பிடிச்சு வச்சுக்கிட்டவன் நான். பெருமடைய அந்த ரெண்டு பேரும் பாத்துப்பாங்க. நான் இங்க இருக்கேன். எனக்குப் பிள்ளைங்களோட உக்காரத் தெரியாது. பழக்கிவிடும், ஓய்."

மழபாடியாரின் இமைகளை யாரோ குளிர்ந்த விரலால் தொட்டார்கள். அவர் கண் திறந்தார். பெருமானைக் காணத் தவித்து நாற்புறமும் நோக்கினார். பெருமான் இல்லை. முழங்கால் மடிய மணலில் உட்கார்ந்து, பிரம்பைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத கையால் நாச்சியின் விரலைப் பிடித்துக்கொண்டு, "அ... சொல்லும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார் வேதவனத்தார்.

மழபாடியார் அவர் முன்னே சென்று, இறைவனைத் தொழுவதுபோல் விழுந்து தொழுதார்.

முறை வழுவாத அந்த அடியாரின் திருவடி வாழ்க. அவர் பழக்கிய அண்ணாவிகள் கைபிடித்த பிள்ளைகள் எல்லாம் வாழ்க.