ஆள்காட்டி ஒப்பித்த கட்டுரை

பங்குனி வெயிலில் காட்டு ஏரி பாதிக்கு மேல் வற்றிப் போயிருந்தது. வற்றிய தரையில் ஆள்காட்டிக் குருவிகள் முட்டையிட்டிருந்தன. ஆள்காட்டிக்குக் கூடு கட்டத் தெரியாது. நாலு கூழாங்கல்லை ஒதுக்கிவிட்டு வெறும் மண்ணிலேயே முட்டையிட்டு, வெயிலோடு வெயிலாக அடைகாக்கும். அந்தக் கூட்டத்தில் தெள்ளி என்றொரு பெண் ஆள்காட்டி இருந்தாள்.

ஏரியின் நடுவில் மிஞ்சிய தண்ணீருக்குக் காட்டெருமைகள் தினமும் வந்தன. சுற்றிவரப் பாறை வழி ஒன்று இருந்தது. ஆனாலும் அவை குறுக்கே, முட்டைகளின் மேலேயே நடந்தன. வேண்டுமென்று மிதிக்கவில்லை. குனிந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். போன கோடையில் ஒரு முட்டைகூட மிஞ்சவில்லை.

காட்டுச் சபையில் யானை நீதிபதியிடம் முறையிடலாம். ஆனால் அந்தச் சபையில் கண்டவரும் பேசிவிட முடியாது. சட்டத் தேர்வில் தேறிய உயிருக்குத்தான் வாய் திறக்க அனுமதி, அதுவும் தன் இனத்துக்காக மட்டும். ஆள்காட்டிகளில் அதுவரை யாரும் தேறியதில்லை. இந்த முறை தெள்ளி எழுதட்டும் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். எழுதுவது என்பது பேச்சுக்குத்தான். விரல் இல்லாத காட்டில் யார் எழுதுவது? தேர்வு நடத்தும் ஆமையார் கேள்வி கேட்பார். நின்றபடி கட்டுரையாகப் பதில் சொல்ல வேண்டும்.

தெள்ளி முள்ளம்பன்றி வாத்தியாரிடம் போனாள். அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. தாமும் நெட்டுரு போட்டே தேறியவர். "தண்ணீர் உரிமைன்னு ஒரு கட்டுரை சொல்லித் தரேன். வருஷா வருஷம் இதுதான் வருது. ஒரு சொல் பிசகாம நெட்டுரு போட்டுக்கோ" என்றார்.

அவள் கணவன் மருதனுக்கு இது பிடிக்கவில்லை. நமக்கு நடந்ததை நாமே யோசித்து, நம் வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டான். தெள்ளிக்குக் கோபம் வந்தது. "உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க! அத்தனை பேர் முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். கையில தயாரா ஒண்ணு இருந்தாத்தான் நிக்கவே முடியும்."

"உன்கிட்ட இருக்கிறதைத்தான் அவர் கேட்பாருன்னு என்ன நிச்சயம், தெள்ளி?"

பயந்தவளுக்கு வேறு என்ன வழி? அடைகாத்தபடியே இரவும் பகலும் ஒப்பித்தாள். ஓட்டுக்குள் இருந்த குஞ்சுகளுக்கே பாடமாகியிருக்கும்!

தேர்வு நாள் வந்தது. காடே கூடியிருந்தது. எப்போதோ தேர்வில் தேறிவிட்ட காட்டெருமைத் தலைவனும் ஓர் ஓரமாக நின்றான். யானையார் தலைமையில் ஆமையார் கேள்வியைக் கேட்டார்.

"தண்ணீர் வற்றிய ஏரியின் தரையில் ஒருத்தி முட்டையிட்டிருக்கிறாள். இன்னொருவன் அதன் குறுக்கே தண்ணீருக்குப் போகிறான். இருவரும் நஷ்டப்படாமல் வாழ வழி என்ன? காரணத்தோடு சொல்."

மருதன் துள்ளி நிமிர்ந்தான். இது அவர்கள் கதை! தெள்ளியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பதில்.

ஆனால் ஆள்காட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டைக்கு ஆபத்து என்றால் முட்டையருகே நிற்காது. தூரமாக ஓடி, வேறெங்கோ நின்று கத்தும். கேள்வி முட்டையைத் தொட்டதுமே தெள்ளியின் மனமும் அப்படித்தான் ஓடியது. ஓடிப்போய் நின்ற இடம் வாத்தியாரின் கட்டுரை.

"தண்ணீர் எல்லா உயிருக்கும் பொது" என்று தொடங்கினாள். குரல் நடுங்கவில்லை. ஒரு சொல் பிசகவில்லை. "ஆகவே தண்ணீருக்குச் செல்லும் வழியில் எவரும், எக்காரணம் கொண்டும், தடையாக இருக்கலாகாது." அதைச் சொல்லும்போதுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. ஐயோ, நான் யாருக்காகப் பேசுகிறேன்? நிறுத்து நிறுத்து என்று மனம் கதறியது. நெட்டுரு போட்டது நடுவில் நிற்குமா? முடிவுரை வரை ஓடித்தான் நின்றது.

ஆமையார் கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தார். "அழகாச் சொன்னேம்மா. ஆனா நான் கேட்டது இது இல்லையே" என்றார். இன்னொரு தரம் கேளுங்கள் என்று தெள்ளி கெஞ்சினாள். அடுத்த தேர்வு அடுத்த கோடையில்தான், சட்டம் அப்படி.

அப்போது காட்டெருமைத் தலைவன் மரியாதையாகத் தலை குனிந்தான். "ஐயா, தண்ணிக்குப் போற வழியில யாரும் தடையா இருக்கக் கூடாதுன்னு அந்த அம்மாவே சொல்லிட்டாங்க. அப்புறம் அவங்க போட நினைச்ச வழக்கு எங்கே இருக்கு?"

யானையார் சபையைச் சுற்றிப் பார்த்தார். ஆள்காட்டிகளுக்காக மறுத்துப் பேச அனுமதி பெற்றவர் ஒருவரும் இல்லை. சபை கலைந்தது.

அன்று மாலையே மந்தை இறங்கியது. மருதன் அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தெள்ளி முட்டைகளின் முன்னால் இறக்கையை விரித்து நின்றாள். "பாறை வழியாப் போங்க! குஞ்சு பொரிக்கிற வரைக்கும் மட்டும் சுத்திப் போங்க! உங்களுக்கும் தண்ணி கிடைக்கும், எங்க பிள்ளைங்களும் பிழைக்கும்!"

ஆமையார் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அதுதான். யாரும் சொல்லித் தராமல், தடுமாறாமல் அவள் வாயில் வந்தது. ஆனால் குளம்புச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. புழுதி அடங்கியபோது அங்கே உடைந்த ஓடுகள்தான் கிடந்தன.

கேட்ட கேள்வியைக் காதில் வாங்காமல் நெட்டுரு போட்டதை ஒப்பிப்பவர், தம் வழக்கைத் தம் வாயாலேயே தோற்கிறார்.