உலகம்மாள் பங்குக்குப் பேசியவர்

"வாயத் திறக்க மாட்டேங்கா சாமி. சோத்தக் கொண்டுபோனா பல்லக் கடிச்சுக்கிடுதா. இப்படியே போனா ஆளு தங்காது."

ஓடைச்சாமியின் குடிசை வாசலில் நின்றபடியே மருதப்பன் சொன்னார். அவர் கைகளில் அவருடைய மனைவி உலகம்மாள் இருந்தாள்.

ஆட்டோ ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. சேற்றில் சக்கர நாற்காலி உருளாது. அதனால் அவளைத் தூக்கிக்கொண்டே வந்திருந்தார். அறுபதைத் தாண்டிய மனுஷன், மூச்சு இரைத்தது.

சாமி உள்ளே அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஐப்பசி மழையில் விறகெல்லாம் நனைந்து கிடந்தது.

"மொதல்ல உள்ள வாரும்" என்றார்.

சாமி மருதப்பனைவிட இளையவர். தாடியில் இன்னும் ஒரு நரை விழவில்லை. ஆனாலும் அமாவாசை தவறாமல் மருதப்பன் வந்து அவர் காலடியில் உட்காருவார். சீடர் என்று பெயர்தான். வந்தால் பேசுவது சீடர், கேட்டுக்கொண்டிருப்பது குரு.

மருதப்பன் உலகம்மாளைச் சுவரோரம் சாக்கை விரித்து உட்கார வைத்தார். செயலற்றுப்போன வலது கைக்கு அடியில் துண்டை மடித்து வைத்தார். முந்தானையைச் சரிசெய்தார். பெற்ற மகள்கூட இவ்வளவு பதமாகச் செய்யமாட்டாள்.

வாதம் வந்து நாலு வருஷம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை, வரும். ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒருவர் நிதானமாக வெற்றிலை போட்டு முடித்துவிடலாம்.

மருதப்பனுக்குத் தொழில் மாட்டுத் தரகு. சந்தையில் வாங்குகிறவன் வாயும் அவர்தான், விற்கிறவன் வாயும் அவர்தான். அந்த வாயை அப்படியே மனைவிக்குக் கொடுத்துவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்காக அவர் போடாத சண்டை இல்லை. "இனிமே இவ்வளவுதான்" என்று கைவிரித்த டாக்டரோடு சண்டை. நாற்காலியை ஏற்றமாட்டேன் என்ற பஸ் கண்டக்டரோடு சண்டை. கோயிலில் படியேற வழியில்லை என்றபோது வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார். பலகை போட்ட பிறகுதான் எழுந்தார். புருஷன் என்றால் மருதப்பன் மாதிரி இருக்கவேண்டும் என்று தெருவில் பெண்கள் தங்கள் வீட்டுக்காரர்களைக் குத்திக்காட்டுவார்கள்.

சாமி அடுப்பை விட்டுத் திரும்பினார்.

"என்ன தாயி, சொகமா இருக்கியா?"

"எங்க சாமி சொகம்? ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்ல" என்றார் மருதப்பன்.

"வலி இருக்கா தாயி?"

"தோள்பட்டையிலதான் சாமி. எண்ணெ போட்டுத் தேய்க்கேன். கேக்கமாட்டேங்கு."

சாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஊதுகுழலை எடுத்து நீட்டினார்.

"வே, இந்த அடுப்பக் கொஞ்சம் ஊதும். விட்டா அணைஞ்சுபோயிரும்."

குரு சொன்னால் மறுப்பேது? மருதப்பன் குனிந்து ஊத ஆரம்பித்தார்.

"இந்த மழையில எதுக்குத் தாயி வந்தே?"

மருதப்பன் குழலை எடுத்தார். "நாந்தான் சாமி, உங்க வாக்குல ஒரு வார்த்த சொன்னா..."

குப்பென்று புகை எழுந்தது. மூன்று பேரும் இருமினார்கள்.

"அடுப்பு, வே."

மறுபடி ஊதினார். தீ எழுந்தது.

"ஓடத் தண்ணி எம்புட்டு வந்திருக்கு பாத்தியா தாயி?"

இதற்கும் மருதப்பனிடம் பதில் இருந்தது. குழலை எடுத்ததுதான் தாமதம், அடுப்பு அவர் முகத்திலேயே புகையைக் கக்கியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்தார்.

உலகம்மாள் சிரித்தாள். பாதி முகம்தான் சிரித்தது. அந்தப் பாதியையும் மருதப்பன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அவருக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது.

"எப்போருந்து இவ சாப்பிடல? இத நீரே சொல்லும்" என்றார் சாமி.

மருதப்பனுக்கு உயிர் வந்தது.

"அவங்க அம்மை தவறுனதுலருந்து சாமி. போன மாசம். துக்கம் தொண்டைய அடைச்சுக்கிடுச்சு."

"கூட்டிட்டுப் போனீரா?"

"எப்படிச் சாமி? அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. கூட்டம், ஒப்பாரி, எழவு வீட்டுச் சத்தம். இவ தாங்குவாளா? இவ தம்பி வேன் எடுத்துக்கிட்டுக் கூப்பிட வந்தான். அக்காளக் கொல்லவா பாக்கேன்னு வாசல்லயே அவன்கூடச் சண்ட. போடான்னு அனுப்பிட்டேன். பக்கத்து வீட்டுல இவள விட்டுட்டு நானே போனேன். மக செய்யவேண்டியது ஒண்ணுலயும் கொற வைக்கல. வாய்க்கரிசிகூட இவ பங்குக்கு நாந்தான் போட்டேன்."

சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்தார். நல்லபடி செய்தேன் என்ற நிறைவு முகத்தில் இருந்தது.

சாமி அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையைத் திறந்து பார்த்தார்.

"இன்னும் கொதிக்கல. ஊதும்."

மருதப்பன் ஊதினார். சாமி நகர்ந்து உலகம்மாளுக்கு நேரே உட்கார்ந்தார்.

"தாயி, ஏன் சாப்பிட மாட்டேங்கே?"

அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"எ..."

எனக்குப் பசிக்கல. அதைத்தான் சொல்ல வருகிறாள் என்று மருதப்பனுக்குத் தெரியும். வேறு நாளாக இருந்தால் அவரே சொல்லி முடித்திருப்பார். தீ தணிந்தது. அவர் ஊதினார்.

"எ... ங்..."

மழை ஓலையில் அடித்துக்கொண்டிருந்தது. சாமி அசையவில்லை. எடுத்துக் கொடுக்கவும் இல்லை. தலையாட்டவும் இல்லை.

குனிந்த வாக்கில் மருதப்பன் கடைக்கண்ணால் பார்த்தார். அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நல்ல கையின் விரல்கள் சாக்கைப் பிடித்திருந்தன. இந்தப் பாடு அவருக்குப் பொறுக்காது. பொறுக்காமல்தான் இத்தனை நாளும் அவரே முடித்துவைத்தார். நாலு வருஷத்தில் அவள் தொடங்கிய சொல் எங்கே போய் முடிகிறது என்று அவர் பார்த்ததே இல்லை.

"எங்க... அம்மைக்கு..."

அவர் ஊதினார். கண்ணில் புகை.

"நா..."

பானையில் கஞ்சி முணுமுணுக்கத் தொடங்கியது.

"நா... அரிசி... போடல."

சாமி அப்போதும் பேசவில்லை. இன்னும் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"அதான்... எனக்கு... எறங்கல."

குழல் மருதப்பன் கையிலிருந்து நழுவியது.

"நாந்தான் போட்டேனே, உலகு. உன் பங்குக்குன்னு சொல்லித்தான போட்டேன். உம் பேரச் சொல்லித்தான போட்டேன்."

உலகம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். கோபமாகப் பார்க்கவில்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

அவள் உதடு அசைந்தது. அவர் காத்திருந்தார்.

"செத்தது..."

வெளியே எங்கோ ஒரு மாடு கத்தியது.

"செத்தது... எங்கம்மை."

மருதப்பனுக்கு அன்றைய வாசல் ஞாபகம் வந்தது. மச்சினன் அழுதுகொண்டு நின்றான். உள்ளே நாற்காலியில் இவள் நல்ல கையைத் தூக்கி, வாயைக் கோணி, எதையோ தொடங்கினாள். "நீ அழாத, நான் பாத்துக்கிடுதேன்" என்று அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துவிட்டு அவர் சண்டைக்குப் போனார்.

அவள் அழவில்லை. வாரேன் என்று சொல்லத்தான் கையைத் தூக்கியிருக்கிறாள்.

இன்னும் ஒரு வெற்றிலை போடுகிற நேரம் பொறுத்திருந்தால் போதும். சொல்லியிருப்பாள்.

டாக்டரை ஜெயித்தார், கண்டக்டரை ஜெயித்தார், கோயிலை ஜெயித்தார். மச்சினனையும் ஜெயித்துவிட்டார். சிதையில் எரிந்துபோன அந்தத் தாயின் முகத்தை இனி யாரோடு சண்டை போட்டு அவளுக்குக் காட்டுவது?

"உலகு" என்றார். அதற்குமேல் வரவில்லை. சந்தையையே விலைபேசிய வாய்.

சாமி பானையை இறக்கினார். ஒரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றி, ஆற்றி, உலகம்மாள் முன்னால் கொண்டுவந்து வைத்தார்.

"கொஞ்சம் குடிக்கியா தாயி?"

அவள் கிண்ணத்தைப் பார்த்தாள். உதடு மெல்லக் கோணியது.

குடிப்பாள் சாமி, நான் ஊட்டுதேன். மருதப்பனுக்கு அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அடுப்பு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. மேலே பானைகூட இல்லை.

மருதப்பன் ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.