வேலியைப் பிடித்த பட்டாணி

மலைச்சரிவில் குருவம்மா போட்ட பட்டாணி, பக்கத்துத் தோட்டக்கார மிராசுதாரின் வேலியைப் பற்றிக்கொண்டு கொத்துக்கொத்தாய்க் காய்த்தது. மிராசுதார் ஆட்களோடு வந்துவிட்டார்.

"என் வேலியைப் பிடிச்சது எதுவானாலும் எனக்குத்தான் சொந்தம்" என்று சொல்லி, ஆட்களை வேலிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, காயைப் பறிக்க அவரே வேலியைத் தாண்டினார்.

மழையில் ஊறிய மண் வழுக்கிவிட்டது. உருளப் போனவர், கொடி படர அவள் ஊன்றியிருந்த தடிக்கொம்பை எட்டிப் பிடித்துத் தொங்கினார்.

"தூக்கிவிடு குருவம்மா" என்றார், மேலே நின்றவளிடம்.

"என் கொம்பைப் பிடிச்சிருக்கீங்களே சாமி. உங்க நியாயப்படி நீங்க இப்போ எனக்குச் சொந்தம். மேலே வாங்க, களை நிறையக் கிடக்கு."

விட்டால் பள்ளம், பிடித்தால் களைவெட்டு. மிராசுதார் பல்லைக் கடித்துக்கொண்டு, "காய் உன்னதுதான்" என்று முனகினார்.

குருவம்மா கையை நீட்டவில்லை.

"உங்க ஆளுங்களுக்குக் கேக்கலையாம். சத்தமாச் சொல்லுங்க."