பிரைவேட் குறிப்பு

பூட்டிய அறையில் இருப்பதும் வீடு மாறும் நாளில் லாரி ஏறித்தானே ஆகணும் என்று பெரியப்பா ஏதோ சொல்வார். வார்த்தை சரியாக நினைவில்லை.

எங்கள் மென்பொருள் நிறுவன மேலாளர் சபேசன், ஊழியர்களை மதிப்பிட ஒரு புரோகிராம் எழுதினார்.

"அதுல என் குறிப்புகளை பிரைவேட்னு போட்டிருக்கேன். ஒருத்தரும் பார்க்க முடியாது."

"ஃபைலில் சேமிச்சா பிரைவேட்டும் கூடவே போய்த் தெரிஞ்சிடும் சார்" என்றாள் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா.

"அப்படியா? உன்னைப் பத்தி எழுதினதைப் படி. முடியலைன்னா நாளைக்கு வராதே!"

"உங்க புரோகிராம் கோடைத் தொடவே மாட்டேன் சார். நீங்களே சேமிச்சு ஃபைலைக் கொடுங்க."

கொடுத்தார். கம்ப்யூட்டரில் சாதாரண நோட்பேடில் திறந்தாள். கிறுக்கல் குறிகளுக்கு நடுவே தெளிவாகக் கிடந்ததை எல்லோரும் கேட்க வாசித்தாள்:

"ஜெசிந்தா சொல்வது பெரும்பாலும் சரி. ஒத்துக்கொண்டால் தலைமேல் ஏறுவாள்."

பிறகு, "ஏற மாட்டேன் சார், இங்கேயே உட்கார்ந்துக்கறேன்" என்றாள்.

சபேசன் அந்தப் புரோகிராமின் அன்றைய வெளியீட்டை நிறுத்திவிட்டு, அவள் ஒப்பந்தத்தை நீட்டித்தார்.