ஏற மட்டும் தெரிந்த கீரி

புளியங்காட்டில் ஒரு கரடி பேண்டு வாத்தியக் குழு நடத்தி வந்தது. அதில் கிளாரினெட் வாசிக்கச் செவலை என்ற கீரி புதிதாகச் சேர்ந்தது.

"ஸ ரி க ம ப த நி ஸ என்று ஏற வேண்டும். ஸ நி த ப ம க ரி ஸ என்று இறங்க வேண்டும். இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டு வா!" என்றது கரடி.

இரண்டே நாளில் ஏறுவரிசை வந்துவிட்டது. செவலைக்குத் தலைகால் புரியவில்லை. "ஏறியவனுக்கு இறங்கத் தெரியாதா? இதற்குத் தனிப் பாடம் வேறா!" என்று இறங்குவரிசையைத் தொடவே இல்லை.

"முழுக்கப் பாடமா?" என்று கேட்டது கரடி.

"தூக்கத்தில் எழுப்பிக் கேளுங்கள் மாஸ்டர்!"

மறுநாள் மாப்பிள்ளை ஊர்வலம். மாப்பிள்ளை முள்ளம்பன்றி, யானையக்காவின் முதுகில் வாழைமட்டை மெத்தைமேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. யானையக்காவுக்குக் கண் மங்கல். "ஸ்வரம் ஏறினால் மேட்டுப் பாதை, இறங்கினால் பள்ளத்துப் பாதை. ஊர்வல யானை பேண்டுக்குத்தான் நடக்கும். வேறு யார் கத்தினாலும் கேட்காது!" என்று முன்னமே சொல்லிவிட்டது.

பெண் வீடு பள்ளத்தில், குளக்கரையில். சூரியன் உச்சிக்கு வருமுன் தாலி கட்ட வேண்டும். தவறினால் அடுத்த முகூர்த்தம் அடுத்த வருஷம்தான்!

பாதை இரண்டாகப் பிரிந்தது.

"செவலை, இறங்குவரிசை!" என்றது கரடி.

செவலை ஊதியது. ஸ ரி க ம! யானையக்கா மேட்டில் ஏறியது.

"இறங்கு! இறங்கு!"

செவலை பதறிப்போய் இன்னும் வேகமாக ஊதியது. ப த நி ஸ! யானையக்காவும் இன்னும் வேகமாக ஏறியது. பின்னால் குரங்குகள் ஆடிக்கொண்டே ஏறின. முயல்கள் சீர்த்தட்டோடு மூச்சிரைக்க ஏறின. மலையுச்சியே வந்துவிட்டது!

"பெண் வீட்டில் காற்று ஜிலுஜிலுவென்று வீசுகிறதே!" என்றது யானையக்கா.

கீழே பெண் வீட்டார் கடுகளவு தெரிந்தார்கள். செவலை கிளாரினெட்டைக் கீழே வைத்தது. "மாஸ்டர், எனக்கு ஏற மட்டும்தான் தெரியும்!" என்று விம்மியது.

கரடி தலையில் கைவைத்து உட்கார்ந்தது. மாப்பிள்ளையோ தொப்பென்று கீழே குதித்தது. தன் முதுகிலிருந்து எட்டு முட்களைப் பிடுங்கி வரிசையாக மண்ணில் நட்டது.

"முள்ளுக்கு ஒரு ஸ்வரமாகச் சொல்லிக்கொண்டு போ!"

செவலை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னது.

"இப்போது கடைசி முள்ளிலிருந்து திரும்பி வா!"

"ஸ... நி... ப..."

"நடுவில் ஒரு முள்ளை விழுங்கிவிட்டாயே! மறுபடி!"

மூன்றாவது நடையில் சரியாக வந்தது. செவலை கிளாரினெட்டை எடுத்தது. ஸ நி த ப ம க ரி ஸ! யானையக்கா திரும்பியது. "ஹோ!" என்று கூட்டமே குதித்தது. பாதி வழியில் செவலை குஷி மிகுந்து ஏறுவரிசைக்குத் தாவிவிட, யானையக்கா நாலடி பின்னாலேயே மேலே ஏறியது! "கீழே! கீழே!" என்று காடே அலற, செவலை சட்டென்று இறங்குவரிசைக்குத் திரும்பியது.

சூரியன் உச்சியைத் தொட ஒரு சாண் இருக்கும்போது தாலி ஏறியது.

"மாப்பிள்ளை முதுகில் எட்டு முட்களைக் காணோமே?" என்றது மணப்பெண்.

"அவை மலைமேல் பாடம் நடத்துகின்றன!" என்றது மாப்பிள்ளை. செவலையும் வெட்கத்தோடு சிரித்துவிட்டது.

பாதி கற்றவன் அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் வெட்கம் அவனோடு போகும். மறைத்தால் ஊரே அவனோடு சேர்ந்து அல்லாட வேண்டிவரும்.