நகத்தளவு ரேடியோ

"எங்கே தப்பு பண்ணினேன்னே புரியலைம்மா," என்றான் மாசிலாமணி.

போருக்குப் போகும் குட்டி ட்ரோன்களுக்கு ரேடியோ செய்கிறவன் அவன். ஏவினால் தேனீக் கூட்டம் மாதிரி பறக்கும். அவற்றுக்குள் வைக்க ரேடியோவை விரல் நகத்தளவுக்குச் சுருக்கியிருந்தான். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

எப்படிச் சுருக்கினாய் என்று கேட்டாள் மடத்தின் குரு வெள்ளையம்மாள்.

தரையிலிருந்து வரும் உத்தரவைக் கேட்கும் பாகத்தை ஒரே ஒரு ட்ரோனில் மட்டும் வைத்தானாம். அது கேட்டு மற்றவற்றுக்குச் சொல்லும். எடை பாதியாகிவிட்டது.

ஒத்திகையில் அந்த ஒன்று மரத்தில் மோதி விழுந்தது. மற்றவை கடைசியாகக் கேட்ட உத்தரவோடு போய்க்கொண்டே இருந்தன. திரும்பு என்று கீழே இருந்து தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்க அவற்றுக்குக் காது இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தலையில் பொட்டலம் விழுந்தது. குண்டுக்குப் பதில் மாவு வைத்திருந்ததால் அவர் தும்மியதோடு போயிற்று.

அடுத்த வாரம் மாவு இருக்காது. தயாரா இல்லையா என்று மாசிலாமணி நாளை சொல்லியாக வேண்டும்.

"சொல்லட்டுமா, வேண்டாமா?"

வெள்ளையம்மாள் எழுந்து அவனைக் குடிசை வரிசைப் பக்கம் அழைத்துப் போனாள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம். குரு தினமும் ஒருவரிடம்தான் உத்தரவு சொல்வாள். மற்ற சீடர்கள் அந்த ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டுமே கேட்பார்கள். அன்று பொன்னரசியின் முறை. இந்த வரிசைக் குடிசைகளின் கூரையைப் பிரிக்கச் சொல் என்றாள் குரு. பொன்னரசி போய்ச் சொல்லிவிட்டு வந்ததும், அவளைச் சந்தைக்கு அனுப்பிவிட்டாள்.

சீடர்கள் ஏறினார்கள். முதல் கூரை போயிற்று. மாசிலாமணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது குடிசை குருவினுடையது. அவள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாசிலாமணி பயந்துபோனான். இறங்குங்கள் என்று கெஞ்சினான். பொன்னரசியக்கா சொல்லட்டும் என்றார்கள்.

"நீங்களே சொல்லுங்கம்மா."

போதும் என்றாள் குரு. சீடர்கள் மேலிருந்தே கும்பிட்டுவிட்டு ஓலையைப் பிடுங்கினார்கள்.

"உங்க பேச்சையே கேக்கலையே. இவங்கல்லாம் என்ன சீடர்கள்?"

"நல்ல சீடர்கள்தான். சொன்னதைச் செய்யறாங்க."

கூரைக் கட்டை ஒன்று அவள் பக்கத்தில் விழுந்தது. அவள் நகரவில்லை.

"இப்ப சொல்லு," என்றாள். "தயாரா?"